எந்த இம்பிளாண்ட் நல்லது எண்டு கேக்க முதல் தாடையைப் பாருங்கோ

அம்மாவுக்கு கீழ்த்தாடையில ஒரு பல்லும் இல்லை, பத்து வருசத்துக்கு மேல பல்லுச்செட்தான். கதைக்கேக்க அது மிதக்கும், சாப்பிடேக்க மெல்லமாக் கழட்டி சீலைத் தலைப்புக்குள்ள பொத்தி வைச்சுக்கொண்டு முரசாலயே மெண்டு விழுங்குவா. பனங்கிழங்கு அவிச்சால் தனக்கு மட்டும் உரல்ல இடிச்சுத் தாங்கோ எண்டு கேப்பா. ரெண்டு வருசத்துக்கு முதல் கனடாவில இருக்கிற அண்ணா வீடியோ கோலில அம்மா கதைக்கேக்க செட் மேல எழும்பிறதைக் கண்டிட்டு, "காசைப் பற்றி யோசிக்காத, இருக்கிறதிலயே நல்ல இம்பிளாண்ட் எது எண்டு விசாரிச்சுச் சொல்லு" எண்டு சொன்னார். இம்பிளாண்ட் எண்டால் பல்லில்லாத இடத்தில தாடை எலும்புக்குள்ள ஆணி இறக்கி அதுக்கு மேல பல்லு நிறுத்திறது.

நானும் விசாரிச்சன். கிடைச்ச பதில் முழுக்க கொம்பனிப் பேராத்தான் இருந்தது. ஒராள் ஸ்விஸ் சாமான்தான் திறம் எண்டார், ஒராள் கொரியாச் சாமானே காணும் எண்டார், இன்னொராள் பலாலியில பிளேன் ஏறி சென்னைக்குப் போனால் மூண்டு நாளில பல்லோட வரலாம் எண்டு ஒரு விளம்பரத்தை அனுப்பினார். அம்மாவின்ர தாடையில எலும்பு எவ்வளவு மிச்சம் இருக்கு எண்டு மட்டும் ஒருத்தரும் கேக்கேல்லை, ஆனா முழு விசயமும் அதிலதான் நிக்குது. எங்கட பக்கத்தில கன வீடுகளில இதே கேள்வி இப்ப ஓடுது, வெளிநாட்டில இருக்கிற பிள்ளையள் காசு தரத் தயார், இஞ்ச இருக்கிறவைக்கு எதைக் கேக்கிறது எண்டு தெரியாது. அதுக்காகத்தான் இதைக் கொஞ்சம் நீட்டா எழுதுறன்.

இம்பிளாண்ட் எண்டு சும்மா ஒரு சொல்லில சொன்னாலும் அது மூண்டு சாமான். எலும்புக்குள்ள போற ஆணி ஒண்டு, அதுக்கு மேல முரசைத் தாண்டி வெளிய நிக்கிற கட்டை ஒண்டு, அதை அபட்மென்ட் எண்டுவினம், அதுக்கும் மேல போடுற பல்லு, கிறவுண். போனில விலை கேட்டால் சில இடங்களில முதல் சாமானின்ர விலையை மட்டும் சொல்லுவினம், அதை நம்பி கனடாவுக்குக் கணக்குச் சொல்லிப்போட்டுப் பிறகு திரும்பக் கேக்க வேண்டி வரும். ஸ்கான், ஆணி, கட்டை, பல்லு, எலும்பு நிரப்ப வேண்டி வந்தால் அது, எல்லாத்தையும் தனித்தனியா ஒரு கடுதாசியில எழுதி வாங்குங்கோ.

இந்த ஆணி எலும்பில எப்பிடிப் பிடிக்குது எண்டது நல்ல ஒரு கதை. சுவீடனில பிரானமார்க் எண்ட ஆராய்ச்சியாளர் 1950களில முயலின்ர கால் எலும்புக்குள்ள டைட்டேனியத்தில செய்த சின்னக் கூடு ஒண்டை வைச்சு, எலும்புக்குள்ள இரத்தம் எப்பிடி ஓடுது எண்டு பாத்துக்கொண்டிருந்தவர், வேலை முடிஞ்சு அதைக் கழட்டப் பாத்தால் வரேல்லை, எலும்பு உலோகத்தைச் சுத்தி வளந்து இறுக்கிப் பிடிச்சிட்டுது. 1965 இல முதல் மனிசருக்கு இதே டைட்டேனியத்தில பல்லுக்கு ஆணி வைச்சினம், அவர் 2006 இல சாகுமட்டும் 40 வருசத்துக்கு மேல அதோடயே இருந்தவர். ஆனா ஒரு வித்தியாசத்தை விளங்கிக்கொள்ளோணும். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில மெத்தை மாதிரி ஒரு நார் இருக்கு, சோத்தில கல்லுக் கடிபட்டால் சடக்கெண்டு வாய் திறக்கிறது அந்த நார் சொல்லித்தான். இம்பிளாண்டுக்கு அது இல்லை, நேர எலும்போட ஒட்டினது. அதால பாரம் கூடினாலும் உங்களுக்குக் கெதியாத் தெரியாது. இரவில பல்லு நெறுமிற ஆக்கள் இதை டொக்டரிட்டக் கட்டாயம் சொல்லோணும்.

இப்ப எலும்புக்கு வாறன். பல்லுக் கழட்டின கையோட அந்த இடத்து எலும்பு கரையத் தொடங்கும். முதல் ஒரு வருசத்துக்குள்ள எலும்பின்ர அகலத்தில பாதியளவு போகும், அதிலயும் பெரும்பங்கு முதல் மூண்டு மாசத்துக்குள்ள. எங்கட ஆக்களைப் பொறுத்தவரை இது பெரிய விசயம். இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்தில வேர்ச்சிகிச்சை செய்யிறதுக்கு எங்க போறது, குத்தினால் கழட்டிறதுதான், அதுவும் கிடைச்ச இடத்தில. 2008, 2009 இல கழட்டின பல்லுகளின்ர இடத்தில இண்டைக்கு கனபேருக்கு கத்தி விளிம்பு மாதிரி மெல்லிய எலும்புதான் மிச்சம். வெளியில முரசைத் தடவிப் பாத்தால் தடிப்பா இருக்கிற மாதிரித்தான் இருக்கும், உள்ளுக்கு என்ன இருக்கு எண்டு சிபிசிடி எண்ட 3டி ஸ்கான் எடுத்தால்தான் தெரியும். சாதாரண எக்ஸ்ரே உயரத்தைக் காட்டும், அகலத்தைக் காட்டாது. கீழ்த்தாடைக்குள்ள உதட்டுக்குப் போற நரம்பு ஒண்டு ஓடுது, ஆணி அதில முட்டினால் உதடு விறைச்சுப்போகும், அதால நரம்புக்கும் ஆணிக்கும் நடுவில ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் இடைவெளி விடுவினம். மேல்த்தாடையில கொடுப்புப்பல்லுக்கு மேல காத்துப்பை இருக்கு, பல்லுப் போய்க் கனகாலமானால் அந்தப் பை கீழ இறங்கி ஆணிக்கு இடமில்லாமல் பண்ணிப்போடும். ஸ்கான் எடுக்காமல் ஆணி போடலாம் எண்டு ஆரும் சொன்னால் எழும்பி வந்திடுங்கோ.

எங்கட ஊருக்கெண்டு இன்னொரு விசயமும் இருக்கு. உடம்பில ஷெல் துண்டோட வாழுற ஆக்கள் வன்னியில ஒண்டு ரெண்டு பேரில்லை, என்ர மாமாவுக்கே கழுத்தடியில ஒண்டு கிடக்கு. ஸ்கான் எடுக்க முதல் அதைச் சொல்லிப்போடோணும். இரும்புத் துண்டு ஸ்கான் படத்தில வெள்ளைக் கோடு கோடாப் பாய்ஞ்சு பக்கத்து எலும்பை மறைக்கும். மாமா என்னட்டக் கேட்டது, ஏற்கெனவே இரும்பு இருக்கிற உடம்புக்குள்ள இன்னொரு உலோகம் வைக்கலாமோ எண்டு. வைக்கலாம். டைட்டேனியம் காந்தத்துக்கு இழுபடாது, பிறகு எம்ஆர்ஐ எடுக்க வேண்டி வந்தாலும் டைட்டேனிய இம்பிளாண்ட் வழமையாத் தடையில்லை, ஷெல் துண்டுக்குத்தான் அங்க யோசிப்பினம். காயத்தில தாடை எலும்பே போன ஆக்களுக்கு இது பல்லு டொக்டரோட முடியிற வேலையில்லை, பெரியாஸ்பத்திரியில வாய், தாடை, முக சத்திரசிகிச்சை நிபுணர் இருப்பினம், ஓஎம்எஃப் கிளினிக் எண்டு சொல்லுறது, அங்கதான் முதல் போகோணும்.

எலும்பு காணாட்டி நிரப்பலாம். இதில எங்கட சனத்துக்கு ஒருத்தரும் விளக்கமாச் சொல்லாத ஒரு விசயம் இருக்கு, அந்த நிரப்பிற தூள் எதில செய்தது எண்டது. உலகத்தில கூடப் பாவிக்கிற தூள்களில ஒண்டு மாட்டெலும்பைச் சுத்திகரிச்சுச் செய்தது, மேல மூடுற மெல்லிய சவ்வு அனேகமா பண்டி அல்லது மாட்டில இருந்து எடுக்கிறது. எங்கட வீட்டில வெள்ளிக்கிழமை மச்சமே இல்லை, அம்மாவுக்குத் தெரியாமல் அவவின்ர தாடைக்குள்ள மாட்டெலும்பை வைக்கிறது எனக்குச் சரியாப்படேல்லை. முஸ்லிம் ஆக்களுக்கும் பண்டிச் சவ்வு விசயத்தில இதே கேள்வி இருக்கும். கேட்டால் வேற வழியும் இருக்கு, தாடையின்ர இன்னொரு பக்கத்தில இருந்து சொந்த எலும்பைச் சுரண்டி எடுக்கலாம், இல்லாட்டி கல்சியம் பொஸ்பேற்றில செய்த செயற்கைத் தூள் இருக்கு. சிலபேருக்கு இது பிரச்சினையே இல்லாமல் இருக்கும், அது அவையின்ர விருப்பம், ஆனா கேட்டுத்தான் வைக்கோணும்.

சரி, வகைகள். ஒரே ஒரு பல்லு இல்லாத ஆளெண்டால் முதல் கேள்வி பக்கத்துப் பல்லுகள் எப்பிடி இருக்கு எண்டது. ரெண்டு பக்கப் பல்லும் முழுசா, பழுதில்லாமல் இருந்தால் பிரிட்ஜ், அதான் ரெண்டு பக்கப் பல்லிலயும் கொழுவி நடுவில நிறுத்திற பல்லு, அதைப் போடுறதுக்காக அதுகளை அராவிறது அநியாயம், அந்த இடத்தில இம்பிளாண்ட் பெறுமதியானது. பக்கத்துப் பல்லுகள் ஏற்கெனவே பெரிய அடைப்போட, கிறவுண் போடுற நிலையில இருந்தால் பிரிட்ஜே காணும், அது குறைஞ்ச வைத்தியம் எண்டு நினைக்கத் தேவையில்லை. கடைசிக் கொடுப்புப்பல்லு மட்டும் இல்லையெண்டால் கனபேருக்கு ஒண்டுமே வைக்காமல் விடலாம், மேலயும் கீழயும் சேத்து 20 பல்லு நல்லா இருந்தால் சாப்பாட்டுக்குக் காணும் எண்டுதான் உலகத்திலயும் சொல்லுறது. பதினாலு, பதினைஞ்சு வயசுப் பெடியன் சைக்கிளால விழுந்து முன்பல்லுப் போனால் உடன இம்பிளாண்டுக்கு ஓடாதேங்கோ, தாடை வளர்ந்துகொண்டிருக்கும், ஆணி வளராது, கொஞ்ச வருசத்தில அந்தப் பல்லு மட்டும் உள்ளுக்குப் போன மாதிரிக் கட்டையாத் தெரியும். வளர்ச்சி முடியுமட்டும் பக்கத்துப் பல்லின்ர பின்பக்கத்தில ஒட்டுற பிரிட்ஜ் போட்டு வைக்கலாம்.

முன்பல்லு விசயத்தில டைட்டேனியமோ சேர்க்கோனியாவோ எண்டு கேப்பினம். சேர்க்கோனியா வெள்ளைப் பீங்கான் மாதிரி, முரசு மெல்லிசா இருக்கிற ஆக்களுக்கு டைட்டேனியத்தின்ர சாம்பல் நிறம் முரசுக்குள்ளால தெரியிற பிரச்சினை அதில இல்லை. ஆனா கூடுதலா ஆணியும் கட்டையும் ஒண்டாச் சேந்த ஒரே துண்டாத்தான் வரும், அப்ப கோணம் திருத்திற வசதி குறைவு, உடையிற பயமும் டைட்டேனியத்தை விடக் கூட, டைட்டேனியத்துக்கு இருக்கிற அளவுக்கு நீண்டகால அனுபவமும் அதுக்கு இல்லை. உலோகம் ஒத்துக்கொள்ளாத உடம்பு எண்டு சொல்லிச் சேர்க்கோனியா விக்கிற இடமும் இருக்கு, டைட்டேனிய அலர்ஜி எண்டது மிக அரிது. கொடுப்புப்பல்லுக்கு எண்டால் நான் டைட்டேனியத்தைத்தான் சொல்லுவன். வவுனியாப் பக்கக் கிணத்துத் தண்ணியில புளோரைட் கூடி பல்லில வெள்ளைத் திட்டும் மண்ணிறக் கோடுமா இருக்கிற ஆக்கள் கனபேர், அவைக்கு பளிச்செண்டு வெள்ளையில ஒரு பல்லு வைச்சால் அது மட்டும் தனிச்சுத் தெரியும், பகல் வெளிச்சத்தில பக்கத்துப் பல்லைப் படமெடுத்து பல்லுச் செய்யிற லாப்புக்கு அனுப்பச் சொல்லுங்கோ.

அம்மாவின்ர மாதிரி கீழ்த்தாடையில ஒரு பல்லும் இல்லாத நிலைமைதான் எங்கட வயசான ஆக்களில கூட, அதால அதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். அண்ணா நினைச்சது முழுத்தாடைக்கும் கழட்டேலாத பல்லு. நாலு ஆணியில முழு வரிசையையும் நிறுத்திற முறை இருக்கு, ஓல்-ஓன்-ஃபோர் எண்டு சொல்லுறது, போர்த்துக்கல்லில மாலோ எண்ட டொக்டர் பிரபலமாக்கினது, முன்னுக்கு ரெண்டு ஆணி நேரா, பின்னுக்கு ரெண்டு ஆணி சரிச்சு, அதால நரம்பையும் காத்துப்பையையும் தவிர்க்கலாம், எலும்பு நிரப்பிற வேலையும் கனபேருக்கு மிச்சம். நல்ல முறைதான். ஆனா அது ஒரு பாலம் மாதிரி, அடியில ஒவ்வொரு நாளும் தடிச்ச நூலோ சின்ன பிரஷோ விட்டுத் துடைக்கோணும், கை நடுங்கிற, கண் தெரியாத ஆளுக்கு அது லேசில்லை. அம்மாவுக்கு எழுபது தாண்டீட்டுது, விரல் மூட்டெல்லாம் வாதம்.

எங்களுக்கு டொக்டர் சொன்னது ரெண்டே ரெண்டு ஆணி. கீழ்த்தாடையில முன்னுக்கு, வேட்டைப்பல்லு இருந்த இடங்களில, அங்க நரம்புப் பயம் குறைவு, எலும்பும் மற்ற இடத்தை விட உறுதியா மிச்சம் இருக்கும். அதில ரெண்டு குமிழ் மாதிரி நிக்கும், பல்லுச்செட்டுக்கு உள்ளுக்கு ரெண்டு கிண்ணி இருக்கும், அமத்தினால் சட்டைக்குக் குத்துற பட்டன் மாதிரி டக்கெண்டு பூட்டும். இரவில கழட்டிக் கழுவி தண்ணிக்குள்ள போடலாம். 2002 இல கனடாவில மக்கில் பல்கலைக்கழகத்தில நிபுணர்கள் கூடி, கீழ்த்தாடையில பல்லே இல்லாத ஆளுக்கு வெறும் செட்டை விட ரெண்டு ஆணியில பூட்டுற செட்தான் முதல் தெரிவா இருக்கோணும் எண்டு சொன்னவை. அண்ணாவுக்கு இதைச் சொன்னபிறகுதான், அவற்ற ஊரிலயே சொன்ன விசயம் எண்டு மனம் ஆறினது. மேல்த்தாடை வேற, அங்க எலும்பு பஞ்சு மாதிரி, ரெண்டு காணாது, வழமையா நாலு வேணும், ஆனா மேல் செட் அண்ணத்தில ஒட்டி நிக்கும் எண்டதால கனபேருக்கு மேல ஒண்டும் தேவைப்படாது.

மினி இம்பிளாண்ட் எண்டு 3 மில்லிமீற்றரை விட மெல்லிசான ஆணியும் இருக்கு, எலும்பு மெல்லிசான ஆக்களுக்கு, கீழ்ச் செட்டைப் பிடிக்க ரெண்டுக்குப் பதிலா நாலு போடுவினம், விலையும் குறைவு, வெட்டிறதும் குறைவு. செட் பிடிக்கிறதுக்கு அது நியாயமான தெரிவு, தனிக் கொடுப்புப்பல்லுக்கு அதைப் போட விடாதேங்கோ, பாரம் தாங்காது. கன்னத்தெலும்பு வரைக்கும் போற நீட்டு ஆணி மேல்த்தாடை முழுக்கக் கரைஞ்சவைக்கு, அது பெரிய ஒபரேசன், பெரிய நிபுணற்ற வேலை. எலும்புக்கு மேல சட்டம் மாதிரி வைக்கிற பழைய முறை இப்ப அரிது.

அந்த மூண்டு நாள் விளம்பரத்துக்கு வாறன். அது அனேகமா பேசல் இம்பிளாண்ட் எண்ட ஒரே துண்டு ஆணி, தாடையின்ர அடிக் கட்டி எலும்பில கொழுவுறது, உடனேயே பல்லையும் பூட்டிவிடுவினம். ஆக்கள் கேட்டவுடன விரும்புறது விளங்குது, நானும் விரும்பினன். ஆனா வழமையான ஆணிக்கு இருக்கிற மாதிரி பல வருசத்துச் சுதந்திரமான ஆராய்ச்சி அதுக்குக் குறைவு, ஒண்டு பழுதானால் எல்லாம் சேத்துப் பூட்டின வரிசையையே கழட்ட வேண்டி வரலாம், அந்த நேரம் அதைத் தொட எங்கட பக்கத்தில ஆர் இருக்கினம்? ஒரு வேதனை வந்தால் விசுவமடுவில இருந்து கிளிநொச்சிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பஸ் ஏறலாம், ஒவ்வொருமுறையும் விசா எடுத்து சென்னைக்கு ஏறேலாது. வழமையான ஆணியிலயும் சில ஆக்களுக்கு அண்டைக்கே தற்காலிகப் பல்லு வைக்கலாம், ஆணி எலும்பில எவ்வளவு இறுக்கமா ஏறினது எண்டு அளந்து பாத்து டொக்டர் முடிவெடுப்பார். மற்றவைக்கு ரெண்டு மூண்டு மாசம், எலும்பு நிரப்பினால் இன்னும் கூட. பொறுத்திருக்கிறது நல்லது.

கொம்பனி விசயத்தை இப்பத்தான் சொல்லோணும், கடைசியா. ஸ்விஸ்ஸில ஸ்ட்ராமன், பிரானமார்க்கின்ர வேலையில இருந்து வளர்ந்த நோபல் பயோகேர், கொரியாவில ஒஸ்ரெம், இதெல்லாம் உலகம் முழுக்கப் பாவனையில இருக்கிறது. விலை வித்தியாசம் பெரிசு, ஆனா போடுற கையின்ர திறமை அதைவிடப் பெரிசு. கேக்க வேண்டியது, பத்து வருசத்துக்குப் பிறகும் இந்த ஆணிக்குப் பொருத்தமான ஸ்குரூவும் கட்டையும் இலங்கையில எடுக்கலாமோ எண்டது. ஒரு கொம்பனியின்ர ஸ்குரூ பூட்டுற சாவி இன்னொண்டுக்கு அனேகமாப் பொருந்தாது. ஆணி வாற பெட்டியில பேர், அளவு, லொட் நம்பர் போட்ட ஸ்டிக்கர் இருக்கும், அதை வாங்கி கிளினிக் கொப்பியில ஒட்டி வைக்கோணும். அதேமாதிரி மேல பல்லை சீமெந்தால ஒட்டுறதோ ஸ்குரூவால பூட்டுறதோ எண்டு கேளுங்கோ, ஏலுமெண்டால் ஸ்குரூவைக் கேளுங்கோ. வெடிச்சால் கழட்டித் திருத்திப் போடலாம், சீமெந்து முரசுக்குள்ள தங்கினால் சீழ் பிடிக்கும்.

உடம்பு விசயம். அம்மாவுக்குச் சீனி வருத்தம், மூண்டு மாசச் சீனி, அதான் எச்பிஏ1சி, கூடவா இருந்தது, அதை இறக்குமட்டும் டொக்டர் ஆணியைத் தொடேல்லை, கூடச் சீனியில காயமும் ஆறாது, எலும்பும் ஒழுங்காப் பிடிக்காது. எலும்பு தேய்வுக்குக் கிழமைக்கு ஒருக்காப் போடுற அலென்ட்ரோனேற் குளிசை, புற்றுநோய்க்கு எலும்புக்கு ஏத்துற ஊசி, இதுகள் எடுத்தவை கட்டாயம் சொல்லோணும், தாடை எலும்பு செத்துப்போற ஆபத்து இருக்கு, ஊசி எடுத்தவைக்கு அனேகமா இம்பிளாண்டே வேண்டாம் எண்டுதான் சொல்லுவினம். இரத்தம் கரைக்கிற குளிசையை நீங்களா நிப்பாட்டக் கூடாது, இதய டொக்டரிட்டக் கேட்டுத்தான். சுருட்டு, சிகரெட் குடிக்கிறவைக்கு ஆணி பிடிக்காமல் போற வாய்ப்பு மற்றவையை விடக் கூட.

வெத்திலை பற்றி எனக்கு உண்மையாக் கவலை. இலங்கையில ஆம்பிளையளுக்குக் கூட வாற புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான், பாக்கும் பொயிலையும் அதில பெரிய காரணம். பாக்குப் போட்டுப் போட்டுக் கன்னம் உள்ளுக்கு நார் மாதிரி இறுகி வாய் திறக்கேலாமல் போறவையும் இருக்கினம், வாய் திறக்காட்டி ஆணி போடுற ஆயுதமே உள்ளுக்குப் போகாது. மாமா பல்லுக் கேக்கப் போன இடத்தில டொக்டர் அவற்ற கன்னத்துக்குள்ள வெள்ளைப் படை ஒண்டைக் கண்டிட்டு, பல்லை விட்டிட்டு முதல் ஓஎம்எஃப் கிளினிக்குக்கு எழுதிக் குடுத்தவர். வாயில ஆறாத புண், வெள்ளை, சிவப்புப் படை இருந்தால் இம்பிளாண்ட் யோசனையை ஒருபக்கம் வைச்சிட்டு அதைக் காட்டுங்கோ, அரசாங்க ஆஸ்பத்திரியில அதுக்குக் காசில்லை.

அம்மாவுக்கு ரெண்டு ஆணியும் வைச்சு, மூண்டு மாசம் பொறுத்து, குமிழ் பூட்டி, புதுச் செட்டும் செய்தாச்சு. ஊசி விறைப்போட அரை நாளில முடிஞ்ச வேலை, வீக்கம் நாலு நாள் இருந்தது. ஒவ்வொரு இரவும் குமிழைச் சுத்தி மெல்லிய பிரஷால துடைக்கிறா, செட்டை சவுக்காரம் போட்டுக் கழுவுறா. முதல் கரியும் உப்பும் போட்டுத் தேய்க்கப் பாத்தவ, அது பிளாஸ்ரிக்கைச் சுரண்டி கிருமி தங்கப் பண்ணும் எண்டு சொல்லி நிப்பாட்டினது. ஆறு மாசத்துக்கு ஒருக்காக் காட்டப் போறம், ஏனெண்டால் இம்பிளாண்டைச் சுத்தி முரசு அழற்சி வந்து எலும்பு கரைஞ்சாலும் நோகாது, துலக்கேக்க இரத்தம் வாறதுதான் முதல் அடையாளம்.

செட்டுக்குள்ள இருக்கிற கிண்ணியில ஒரு சின்ன நைலோன் வளையம் இருக்கு, சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னன், பிடிக்கிற பலத்துக்கு ஏத்த மாதிரி நிறம் மாறும், அம்மாவின்ரது ரோசா நிறம். அது தேயும், தேய்ஞ்சால் செட் திரும்ப ஆடும், ஆணி பழுதாப்போச்சு எண்டு பயப்படத் தேவையில்லை, வளையத்தை மாத்தினால் சரி. போன மாசம் அம்மாவுக்கு லூசாகி, போய் பத்து நிமிசத்தில மாத்திக்கொண்டு வந்தம். தேய்ஞ்ச பழைய வளையத்தை அம்மா கேட்டு வாங்கி, கிளினிக் கொப்பியில ஆணி ஸ்டிக்கர் ஒட்டின பக்கத்தில செலோரேப் போட்டு ஒட்டி வைச்சிருக்கிறா, அடுத்தமுறை நான் கூட வரேலாமல் போனாலும் இதே நிறத்தில தாங்கோ எண்டு தானே காட்டிக் கேக்கலாமாம்.